மூன்றேகால்

உலர்புல் மூட்டையோடு ஒரு தாள் வந்திருந்தது,
பனி பெய்யும் ஏதோ ஊரிலிருந்து.
குளிர்காலத்துக்கு முன், என்று தலைப்பு.
தண்ணீர்க் கிண்ணம் உறையாமல் பாருங்கள்.
கூண்டின் வாசலைத் தெற்கே திருப்புங்கள்.

ரோஸ்னானி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.
ஏப்ரலில் நாங்கள்தான்
உறையவைத்த புட்டிகளைப் பழைய துண்டில் சுற்றி
கூண்டுக்கு ஒன்றாகக் கிடத்தினோம்.
அதில் காதைச் சாய்த்துக் கிடந்தன
இருபத்து மூன்றும்.

லிம் சூ காங்கில் குளிர்காலம் என்பது
நவம்பர் கடைசி வாரம்
மத்தியானம் இரண்டரைக்கு
வானம் பானையடியாய்க் கறுப்பது.
பனி மேலிருந்து மெல்ல இறங்குமாம்.
எங்கள் மழை பக்கவாட்டில் வரும்.
போன வருடம் வடிகால் வழியாக,
கீழிருந்து வந்தது.

நான் துவாஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
கழித்துப்போட்ட மரத்தட்டுகளில் பதினொன்றைக் கேட்டு வாங்கி
சியூ லெங்கின் மைத்துனர் லோரியில் ஏற்றி
கூண்டுகளை முழங்கால் உயரம் தூக்கினோம்,
ஆணி துருத்தாத பக்கம் மேலே.

கூரைத் தகரத்தில் பதினேழு ஓட்டை.
உச்சிவெயிலில் தரையெங்கும்
பதினேழு வெள்ளிக்காசு கிடக்கும்.
ஏணியில் நின்று தார் பூசிப் பூசி
அத்தனையையும் செலவழித்தேன்.

புல்லை நீல டிரம்மில் அடைத்து, நடுவே கரிப் பொட்டலம்.
மூக்கை விட்டுப் பார்க்க வேண்டும்:
இனித்தால் தீவனம், நெடித்தால் பூஞ்சை.
பாதத்து ரோமம் நனைந்தே இருந்தால் புண்.
புண்ணுக்கு ஈ வரும்.
ஈ வந்தால் இரண்டு நாள் போதும்,
அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

இடிக்கு என்ன செய்வது?
தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை.
ரோஸ்னானி பழைய வானொலியைக் கொண்டுவந்து
தினமும் ஒரு பிடி சத்தம் கூட்டினாள்.
மலாய்ச் செய்தி, சீன நாடகம், பந்தாட்ட வர்ணனை;
கோல் விழுந்தபோது
செங்கல் மட்டும் டிரம்முக்குப் பின்னால் ஓடியது.

செங்கல், கயா, போண்டா, திருமதி லிம்.
பெரும்பாலும் முயல் ஆண்டில் ஆசையாய் வாங்கப்பட்டவை,
டிராகன் பிறந்ததும் சலித்துப் போனவை.
ஒன்றுக்குப் பெயரே வைக்கவில்லை.
அதற்கு மூன்றே கால்.
வேலையிடத்தில் சொன்னால் யார் நம்புவார்?
நீ பிடித்த முயலாச்சே, என்றார் இன்பரசன்.
ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து காட்டினேன்.
எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.

டிசம்பர் பதினெட்டு.
இரவுப்பணி முடியுமுன்பே மேற்கே வானம் கிழிந்துவிட்டது.
மோட்டார் சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு
நான் வந்து சேர்ந்தபோது
மணியும் மூன்றேகால்.

வாசல் கம்பியோரம் ஒரு டுரியான் பெட்டி,
அட்டை கூழாகி, அடி இற்று.
உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு.
கூடவே நான்கு காரட்.
கூடவே ஒரு கடிதம்:
மை கரைந்து ஓடியதில்
எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை.

கொட்டகையில் மின்சாரம் இல்லை.
விசிறி இல்லை, வானொலி இல்லை.
அடுத்த இடிக்காக மூச்சைப் பிடித்து நின்றேன்.
இருட்டுக்குள்
மெல்லும் சத்தம்.
இருபத்து மூன்று வாய்,
அவசரமில்லாமல், காய்ந்த புல்லை.

தகரம் ஒழுகவில்லை. பதினேழில் ஒன்றுகூட.
வடிகால் பொங்கி வந்து
பலகைக்கு நான்கு விரல் கீழே நின்றது.
எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தோம்,
இந்த இரண்டைத் தவிர.

புதியதைப் பழையதோடு விடக்கூடாது.
கூண்டு எதுவும் காலியில்லை.
சலவைக் கூடை ஒன்றில் என் சட்டையை விரித்து
இன்னொன்றை மேலே கவிழ்த்தேன்.
துடைக்கத் துடைக்க
எலி அளவுக்கு இளைத்துப் போயின.
ஈரம் போக இவ்வளவுதான் முயல் போலிருக்கிறது.

பெயரில்லாதது எழுந்து வந்து கம்பியில் மூக்கை வைத்தது.
பிறகு இருந்த ஒற்றைப் பின்னங்காலால்
பலகையை ஓங்கி ஒரு தட்டு.
எச்சரிக்கையா, வரவேற்பா,
எனக்கு அவ்வளவு முயல்மொழி தெரியாது.

விடிந்ததும் அந்தத் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
குளிர்காலத்துக்கு முன், என்று எழுதி
கீழே ஒரே ஒரு வரி:
இரண்டு கூண்டு காலியாக.