இருபத்தொரு சிலிப்பர்

டிசம்பர் லீவு.
செந்தூல் பிளாட்டுப் பிள்ளைகளுக்கு
விழித்திருக்கும் நேரமெல்லாம் பாடாங்.
எனக்குப் பகல்தான் இரவு.
இடம் வலம் இல்லாத கையுறைகளை
நூறு நூறாய்ப் பெட்டியில் அடைத்துவிட்டு
காலை வேனில் வந்து இறங்கி
ஜன்னலில் பழைய பெட்ஷீட் கட்டித் தூங்குகிறவள்.

நாலு மணி ஆனால் வானம்
கோம்பாக் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும்.
கோல் கம்பம் இரும்பு.
பாடாங் ஓரத்தில் லோங்காங்.
மற்ற மாதங்களில் அதில் கணுக்கால் தண்ணீர்,
பூனைகூட நனையாமல் தாண்டிப் போகும்.
மழை பிடித்த கால் மணியில்
அது வேறு ஆள்.

அதனால்தான் விசில்.
ஒன்பதாம் மாடிக்காரிகள்
ஆளுக்கு ரெண்டு வெள்ளி போட்டு வாங்கினோம்:
ரொக்கியா அக்கா, சியூ பெங், தவமலர், நான்.
யார் முறையோ அவர் வீட்டுக் கிரில்லில் தொங்கும்.
முதல் இடிக்கு மூன்று முறை ஊத வேண்டும்.
பந்து எங்கே கிடந்தாலும் கிடக்கட்டும்,
பிள்ளைகள் படிக்கட்டுக்கு அடியில் வந்து நிற்க வேண்டும்.
எண்ண வேண்டும். பதினொன்று.
எண்ணி முடிக்கும் வரை
லிப்ட் பட்டனை யாரும் தொடக் கூடாது.

புதன்கிழமை என் முறை.

கண்ணைத் திறந்தபோது
பெட்ஷீட்டுக்குப் பின்னால் வெயில் இல்லை.
கேட்ட இடி முதலாவதா, ஐந்தாவதா, தெரியவில்லை.
கிரில்லில் விசில் இல்லை.

லிப்ட் நாலாவது மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.
நைட்டியோடு படியில் இறங்கினேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
பாடாங் துண்டு துண்டாகத் தெரிந்தது:
கம்பம். தண்ணீர். ஆளில்லாத புல்.
மறுபடி கம்பம்.

கீழே தவமலர் மகள் யாழிசை,
முன்பல் விழுந்த ஓட்டையில்
பாதிக் காற்று வெளியே போக,
முகம் சிவக்க இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.
"பதினொண்ணும் இருக்கு ஆண்ட்டி.
நீங்க தூங்கிட்டீங்க. நானே எடுத்தேன்."

நானும் எண்ணினேன். தலை பதினொன்று.
நம்பாமல் கீழே எண்ணினேன்.
சிலிப்பர் இருபத்தொன்று.

என் மகன் தர்மேஸ்
ஒரு பாதத்தை இன்னொன்றின் பின்னால் ஒளித்து
கொக்கு மாதிரி நின்றான்.

"எங்கடா இன்னொண்ணு?"

லோங்காங்கைப் பார்த்தான்.
தேத்தண்ணி நிறத்தில் விளிம்பு தட்டி ஓடியது.
"போயிருச்சும்மா. பின்னாடியே ஓடினேன்.
நாலு எட்டுதான்.
விசில் கேட்டுச்சு, நின்னுட்டேன்."

நாலு எட்டு.
ஈரச் சிமெண்டைக் கண்ணால் அளந்தேன்.
ஐந்தாவதுக்கு அங்கே இடமில்லை.

"ஒரு சிலிப்பருக்காடா..." என்று தொடங்கிய வாய்
அங்கேயே நின்றது.
போன மாதம் பசார் மாலாமில்
ஏழு வெள்ளி தொண்ணூறு காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
பையை அவன் கையில் திணித்தபோது
சொன்னவள் நான்தானே:
"இதையும் தொலைச்சே,
வீட்டுப் பக்கம் வந்திராதே."

மின்னலைப் பேசினோம். இரும்பைப் பேசினோம்.
லோங்காங்குக்கு மூடி கேட்டு
மூன்று கடிதம் போட்டோம்.
இதை யாரும் பேசவில்லை.

சாயங்காலம் வேன் ஹாரன் அடித்தது.
சோற்று டப்பாவை மூடிக்கொண்டே சொன்னேன்:
"இனிமே தொலைஞ்சா,
தொலைஞ்சிருச்சுன்னு வந்து சொல்லு."
"ஏச மாட்டியா?"
"ஏசுவேன்.
வீட்டுக்குள்ள வச்சு ஏசுவேன்."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தவன் மாதிரி இருந்தான்.
பிறகு அந்த ஒற்றைச் சிலிப்பரைக் கொண்டுபோய்
கிரில் ஓரத்தில் வைத்தான்,
பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு.