கேட்டால்தான் பாக்கி

அல் கூஸில், டயர் கிடங்குக்கும் பெயிண்ட் கிடங்குக்கும் நடுவே
எங்கள் சமையற்கூடம்.
சிவப்புத் தொட்டி இறைச்சிக்கு, நீலத் தொட்டி பாலுக்கு.
கரண்டி ஒன்று தொட்டி மாறி விழுந்தால்
ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்து
கொதிநீரில் முங்கித்தான் திரும்ப வேலைக்கு வரும்.

விடியுமுன் நாலு மணிக்கு நஃப்தலி வருவார்.
அடுப்பைப் பற்றவைப்பது அவர் கை.
கிண்டுவதும் இறக்குவதும்
அடிப்பிடித்ததைச் சுரண்டுவதும் நாங்கள்.

என் வேலை கீரை.
விளக்குப் பெட்டிமேல் இலை இலையாக விரித்துப்
பூச்சி தேடுவது.
கடுகில் பாதிதான் இருக்கும்,
பச்சையோடு பச்சையாய் ஒட்டிக்கொண்டு.
ஒன்று அகப்பட்டால் நஃப்தலிக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அன்றைக்குக் கல்யாண ஆர்டர், இருநூறு தட்டு.
பாத்திரம் கழுவும் ரொகிபுல்
என்னிடம் இருபது திர்ஹம் கடன் கேட்டான்.
என்னிடமும் இல்லை.
லைட்டரைக் கையில் பிடித்தபடியே நஃப்தலி திரும்பினார்:
எத்தனை நாளாக?
ரெண்டு மாசம், சார்.

அவர் பற்றவைக்கவில்லை.

மாதக்கூலியை மாதம் முடிந்த அன்றே தர வேண்டும்,
பொழுது தாண்டக் கூடாது,
அது அவர்கள் சட்டமாம்.
எங்க மார்க்கத்திலும் அதுதான் என்றார் டிரைவர் மொகுதூம்,
ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு.

நஃப்தலி தன் ஆசிரியருக்குப் போன் போட்டார்.
கத்தரிக்காய் நறுக்கியபடி நாங்கள் கேட்டோம்.
ஒரு சொல் புரியவில்லை. ஆனால்
அதட்டு எது, பெருமூச்சு எது என்று புரிந்தது.

முடித்துவிட்டு, அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்:
சோற்றில் குற்றமில்லை. அடுப்பைப் பற்றவை.
முத்திரை சட்டிக்குச் சாட்சி,
முதலாளிக்கு அல்ல. அதைச் சாட்டையாக்காதே.
அப்புறம், ஆளனுப்பும் கம்பெனி நடுவே இருப்பதால்
முதலாளி ஓவாடியா அந்த வரியை மீறியவர் ஆகமாட்டார்.

கடைசியாக ஒன்று கேட்டாராம்:
அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்களா?
கேட்டால்தான் அந்தப் பாக்கி
சூரியனோடு இறங்கும்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
கேட்டால் விசா என்ன ஆகும் என்பது
எந்தச் சட்டத்தின் எத்தனையாவது வரி?

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றேன் தமிழில்.
நீலத் தொட்டிப் பக்கமாப் போய் அழு என்றார் மொகுதூம்.
சிரிப்பு வந்தது. அடுப்பும் பற்றிக்கொண்டது.

சாயங்காலம் ஓவாடியா வந்தார்.
நாள் முழுக்க ஒத்திகை பார்த்த ஆங்கிலம்
தொண்டையில் நின்றுவிட்டது. வந்ததைச் சொன்னேன்:
சார், என் சம்பளம் என்னிடம் இல்லை,
உங்களிடம் இருக்கிறது.
பின்னால் ரொகிபுல், கையெல்லாம் நுரை.

கம்பெனியைக் கேள் என்றார்.
துண்டை மடித்துக்கொண்டிருந்த நஃப்தலி
அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்.
நாலே சொல் இருக்கும்.
ஓவாடியாவின் காது மட்டும் சிவந்தது.
அது சட்டமா, சட்டம் முடிகிற இடத்தில்
மனிதன் எடுத்து வைக்கும் இன்னொரு அடியா,
நான் கேட்கவில்லை.

ஒரு மாதச் சம்பளம் வந்தது.
இன்னொன்று வரவில்லை.

இப்போது விளக்குப் பெட்டிமேல் கொத்தமல்லி.
ஒரு தழைக்கு இத்தனை வெளிச்சமா என்று
சில நாள் கோபம் வரும்.
எதிரே முட்டை உடைத்து ரத்தப்பொட்டு பார்க்கும் நஃப்தலி
தலை நிமிராமலே கேட்பார்:
இன்றைக்குக் கேட்டாயா?

மணி ஐந்தேகால்.
ஐந்து நாற்பதுக்குப் பொழுது சாயும்.
கையைத் துடைத்துக்கொள்கிறேன்.