ஒரே கோட்டு

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நனைந்து காய்ந்த புத்தகக் குவியலில்
முப்பது ரூபாய்க்கு வாங்கினேன்.
அட்டை இல்லை. அமெரிக்க ஓவியங்கள்.
எண்பதாம் பக்கத்தில் மூன்று சீமாட்டிகள்,
மூன்று ஊர், மூன்று புருஷன்மார்,
ஒரே கவுன்.
முழங்கை மடிப்பும் கழுத்து முத்தும்கூட
அச்சு அசல்.

அகராதியோடு இரண்டு இரவு உட்கார்ந்ததில் விளங்கியது.
அந்த நாட்டின் ஆதி ஓவியர்களுக்கு
உடம்பு கப்பலில் வந்திருக்கிறது,
இங்கிலாந்தில் அச்சடித்த கறுப்புவெள்ளைத் தாளாக.
முகம் மட்டும்
அந்தந்த வாசலுக்குப் போய் எழுதியது.

சிரித்துவிட்டேன்.
எங்கள் ஸ்டூடியோ ஆணியிலும் தொங்குகிறது ஒரு கோட்டு.
எந்தத் துரை விட்டுப்போனதோ,
முதலாளி சூசைக்கே தெரியாது.
இடது பையில் கிழிசல், படத்தில் விழாது.
கொட்டகலை ஆட்களும் டிக்கோயா ஆட்களும்
அதற்குள் நுழைந்து நின்று
மாப்பிள்ளையாகிப் போனார்கள்.
முதுகில் துணிக்கவ்வி போட்டு இறுக்குவது நான்.

பிரஜாவுரிமைப் பத்திரம் நிரப்பிய மாதம்
மழையோடு வரிசை.
லயம் லயமாக வந்தார்கள்,
ஒரு நாடு தன் முகம் பார்க்க
எங்கள் மாடி ஏறுவதுபோல.
படி ஒடுக்கம்.
ஒவ்வொருவராகத்தான் ஏறலாம்.

கீழ்ப்பிரிவு பேச்சியம்மா
முக்காட்டை எடுத்ததும்
உச்சந்தலையில் குறுக்கே ஒரு பள்ளம்.
நாற்பது வருஷக் கூடைக்கயிறு.
அந்த அகலத்துக்கு மயிர் இல்லை.

ரீடச் செய்வது என் தொழில்.
பருவையும் அம்மைத் தழும்பையும் மறைக்கிற
அதே தூரிகையால்
பள்ளத்தையும் நிரப்பினேன்.
நல்லெண்ணம்தான்.

நாலாம் நாள் படத்தை மேசையில் வைத்தாள்.
"கிராம சேவகர் கேக்குறாரு,
இது யாரு, ஒன் தங்கச்சியான்னு."
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
"அவ செத்துப் பதினாலு வருஷம் தம்பி."

அன்றிரவு எண்பதாம் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன்.
மூன்றாவது சீமாட்டிக்கு மூக்கோரம் ஒரு மரு.
கவுனையே பார்த்ததில் தப்பியிருந்தது.
கவுனைக் கடன் வாங்கியவன்
மருவில் கை வைக்கவில்லை.

தூரிகை படாத புதுப் பிரதியை
ஈரத்தோடு கம்பியில் மாட்டினேன்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசை.
முதலாளி வாங்கினார்.
அடுத்து வந்தவர்
கோட்டு இருக்கா என்றார்.
எடுத்துக் கொடுத்தேன்,
கவ்வியையும்.