வெளி உறுப்பினர்

தொப்பூர் கணவாயில் பிரேக் போன லாரி.
"கால எடுத்துராதீங்க" என்று
மயங்குமுன் இரண்டு முறை சொன்னாராம்.
எடுத்தால் நூற்றுக்கு அறுபது, எடுக்காவிட்டால் பதினைந்து
என்கிறார் டாக்டர் ஷப்னம்.

தர்மபுரி அரசு மருத்துவமனை நெறிக்குழுவில்
நான் வெளி உறுப்பினர், தத்துவத் துறை.
எந்த அறம் சரியென்றே தெரியாதபோது
எதற்கு எவ்வளவு எடை என்று
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.

அவர் சொல்லுக்கு இவ்வளவு,
உயிருக்கு இவ்வளவு,
அது வலி பேசிய சொல்லோ என்ற சந்தேகத்துக்கு
அரைக்கால்.
கட்டமெல்லாம் நிரம்பிவிட்டது. டீ ஆறிவிட்டது.

மாதம்மாள் தாளைப் பார்க்கவில்லை.
"தப்பாப் போனா
யாரு பேர்ல எழுதுவீங்க?"

அதற்கு என்னிடம் கட்டமில்லை.
என் பேரில் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

ஸ்டாம்ப் பேடு காய்ந்திருந்தது.
என் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு
அவள் கட்டைவிரல் பதியும்வரை
தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
எந்தத் தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

சேலம் பஸ்ஸில், தொப்பூர் இறக்கத்துக்குச் சற்றுமுன்,
வழியில் கால் நீட்டியிருந்தவரிடம் கண்டக்டர்:
"அண்ணே, கால எடுங்க."
எடுத்தார்,
ஜன்னலைப் பார்த்தபடியே.