கொருக்குப்பேட்டை கேட், நானூறு மில்லிசெகண்ட்

மணி ஆறு பத்து. ஏழுக்கு நேரலை.
மன்றத்து மாடியில் கேரம் இறுதிப்போட்டி.
போரிக் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில்
கோடெக் பெட்டியை வைத்தேன்.
ஃபேன் காற்றில் ஐந்தே நிமிடத்தில்
அதற்கும் விபூதி பூசியாகிவிட்டது.

முதலில் முகவரி.
தேசிங்கண்ணன் ஜெராக்ஸ் கடையிலிருந்து
முப்பது மீட்டர் கேபிள்
காயப்போட்ட நைட்டிகளைத் தாண்டி
ஜன்னலேறி வந்திருக்கிறது.
தானாக எடுத்துக்கொள் என்று விட்டேன்.
அது எடுத்தது
பில் மெஷினுக்கு அவர் எப்போதோ எழுதிவைத்த எண்ணை.
ஒரே வீட்டு நம்பருக்கு இரண்டு குடித்தனம்.
கீழேயிருந்து கத்துகிறார்:
"இன்னாம்மா, பில்லு வர்ல!"

நிலையான முகவரி போட்டேன், கடைசி எண் இருநூற்றுப் பதினேழு.
ரூட்டரில் ஒரு போர்ட் திறந்தேன், ஒன்பதாயிரத்துப் பத்து.
"தொறந்து வுட்டா எவனாச்சும் பூந்துட மாட்டான்?"
"சத்தம் மட்டும்தாண்ணே போவும்."
"சத்தம் போதாதா?" என்றார்.
அதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை.

ஸ்டூடியோவில் மெஹருன்னிசா.
"ஜெபசீலன் குரல் பளிச்னு கீது. கேரம் எங்கடி?"
பலகைக்கு மேலே தனி மைக். ஆனாலும்
யாரோ அடுத்த தெருவில் சொடக்கு போடுவதுபோல் ஸ்ட்ரைக்கர்.
பார்த்தால் பெட்டி குரல் முறையில் இருக்கிறது:
மனிதன் பேசினால் பேச்சு,
மரம் பேசினால் தூசி.
இசை முறைக்கு மாற்றினேன்.
இருபத்துநாலு கிலோபிட்டைத் தொண்ணூற்றாறாக்கி
நொடியை நாற்பத்தெட்டாயிரம் துண்டாக நறுக்கச் சொன்னேன்.
"ஆங்," என்றாள், "இப்ப பலகை கேக்குது."

ஆறு நாற்பது. கூட்ஸ் வருகிறது, கேட் மூடியாயிற்று.
நிற்கிற அத்தனை பேரும் போனை எடுக்கிறார்கள்.
தேசிங்கண்ணன் கடை வைஃபையின் கடவுச்சொல்
இந்தத் தெருவுக்கே மனப்பாடம்.
ஜெபசீலன் ஒத்திகை பார்த்த வாக்கியம்
பாதி போய்ச் சேர்ந்தது, பாதி
கேட்டுக்கு இந்தப்பக்கம்.
விழவேண்டிய பாக்கெட் விழவில்லை
(கேரத்திலும் பாக்கெட், கேபிளிலும் பாக்கெட்;
தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது,
விழாவிட்டால் வலியும் ஒன்றுதான்).

பஃபர் அறுபதில் இருந்தது.
அறுபது மில்லிசெகண்டை வைத்துக்கொண்டு
கொருக்குப்பேட்டையில் பிழைக்க முடியுமா?
இங்கே பிரசவ வலி எடுத்தாலும்
கேட்டுக்கென்று கால்மணி சேர்த்துத்தான் ஆட்டோ கூப்பிடுவார்கள்.
நானூறு வைத்தேன்.
தொலைகிற துண்டுக்கு ஒரு நகல் கூடவே அனுப்பு என்றேன்.
மெஹர் சொன்னாள், "சோறு தண்ணி எறங்குது இப்ப."

ஏழு ஐம்பத்திரண்டு.
தேவகிருபை ரெட் போட்டாள், ஃபாலோ வேண்டும்.
ஜெபசீலன் வாயை மூடிக்கொண்டார்.
கூடம் மொத்தமும்.
போன் அதிர்கிறது: "லைன் போச்சா? ஒண்ணுமே வரலடி!"

மௌனத் தவிர்ப்பு.
பெட்டியில் ஒரு சின்ன டிக், நான் பார்க்காமல் விட்டது.
சத்தமில்லாதபோது எதையும் அனுப்பாதே,
வீண்செலவு, என்று யாரோ யோசித்துச் செய்த டிக்.
எடுத்தால் இணைப்பே அறுந்தாலும் அறுந்துவிடும்.
எடுத்தேன்.

அப்புறம் போனது இவ்வளவும்:
ஃபேனின் ஒரு இறக்கை மட்டும் உரசுவது,
பின்வரிசையில் கண்ணாடி வளையல்,
தேவகிருபை மூக்கால் இழுத்த மூச்சு,
இன்னும் முடியாத கூட்ஸ்.
மெஹர் எதுவும் சொல்லவில்லை.
லைனில் அவள் கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

அடி.

மாடி எழுந்து நின்று கத்தியது.
கத்தி முடித்து ஜனம் மூச்சு வாங்கும்போது
கேட்டடியில், நிறுத்திய ஆட்டோக்களின் ரேடியோவுக்கு
இப்போதுதான் செய்தி போய்
கீழே விசில் பறந்தது.
கடைசி வேகன் தாண்டிவிட்டது.
கேட் ஏறுகிறது.
போனில் மெஹர்:
"உங்க ரயில் இங்க இன்னும் போய்க்கினே கீது."