பத்திரத்தில் இல்லாதது

வாடகைப் பத்திரத்தில்
நாய் கூடாது, கோழி கூடாது,
சுவரில் ஆணி கூடாது.
காடை என்று எழுதவில்லை.

புதுவயலில், அரிசி மில்லுக்குப் பின்தெரு.
சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே
ஒரு கட்டில் போடுகிற இடம்.
கட்டிலை எடுத்து வெளியே சாய்த்துவிட்டு
மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு வைத்தேன்.
தரையில் விரிக்க உமி.
அவர் மில்லிலிருந்து வரும்போது
சைக்கிளில் ஒரு சாக்கு வந்துவிடும்.

ஐம்பது குஞ்சு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி,
காரைக்குடியிலிருந்து என் மடியிலேயே.
கண்டக்டர் குனிந்து காதைக் கொடுத்தார்:
'என்னம்மா, செல்போனா அடிக்குது?'
'ஆமாண்ணே, ஐம்பது' என்றேன்.

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட வேண்டும்.
போடாவிட்டால்
விரற்கடை ஆழத்தில் மூழ்கிச் செத்துவிடும்,
அவ்வளவு சிறிசு.
பாண்டி தன் குண்டுகளை
எண்ணிக் கொடுத்தான், பதினேழு.

பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர்.
மூலைக்கு ஓடினால் சூடு.
இறைத்த கடலை மாதிரிப் பரவிக் கிடந்தால்
நான் போய்ப் படுக்கலாம்.
நாலாம் ராத்திரி கரண்டு போனது.
மழை.
டிபன் கேரியரின் நாலு அடுக்கிலும் வெந்நீர் ஊற்றி
துண்டைச் சுற்றி நடுவில் வைத்தேன்.
ஆறியதும் மறுபடி, ஆறியதும் மறுபடி.
விடிந்தபோது நாற்பத்தாறு.

மூன்றாம் வாரம் மார்பு சொல்லிவிடும்:
செம்மண் என்றால் சேவல்,
புள்ளி என்றால் பெட்டை.
சேவல் கத்துவதைக் கூவுவதென்று சொல்ல முடியாது,
ஈரக் கோணியைக் கிழிக்கிற சத்தம்.
வீட்டுக்காரர் சாத்தப்பன் வந்து நின்றார்.
'கோழி வேண்டாமுன்னு எழுதியிருக்கே?'
'கோழி இல்லையே.'
பத்திரத்தை வாங்கிக்
கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், இரண்டு முறை.
போகும்போது இருபது முட்டை கொண்டுபோனார்.
வாடகையில் கழித்துக்கொண்டேன்.

சாயங்காலம் நாலுக்கு மேல்தான் இடும்.
பொழுது சாயச் சாய
சாய்ந்த கம்பித் தரையில்
ஒவ்வொன்றாய் உருண்டு வரும்.
மசி தெளித்த முட்டை.
ஒருத்தி தெளிக்கிற மாதிரி
இன்னொருத்தி தெளிப்பதில்லை.
மேலடுக்கில் இடது ஓரத்துக்காரி
அகன்ற முனையில் ஒரு பெரிய கறையும்
அதிலிருந்து வழிகிற மூன்று கோடும் போடுவாள்,
தினமும் அதே கறை, அதே மூன்று.
பெயர் வைக்கவில்லை.
விற்கிற உருப்படிக்குப் பெயர் ஆகாது.
கையெழுத்து தெரிந்துபோனதற்கு
நான் என்ன செய்ய.

பாய்லர் சோதனை என்று
மில்லை இருபது நாள் மூடினார்கள்.
பள்ளிக்கூடத்துப் பணத்துக்குக் கெடு வெள்ளிக்கிழமை.
மெஸ் சேவுகனுக்குப் போன் போட்டேன்.
காதுகுத்து ஆர்டர் இருக்கு,
இருக்கிறதெல்லாம் கொடுங்க என்றார்.

இருட்டில் பிடித்தால் படபடக்காது.
கைக்குள் வந்ததும்
இறகும் எலும்பும் தெரிவதில்லை,
துடிப்பு மட்டும்தான் இருக்கிறது.
முப்பத்தெட்டு.
மேலடுக்கு இடது ஓரத்தைக் கடைசியாய்ப் பிடித்தேன்.
கூடையில் போட்டேன்.
எண்ணிக்கை சரியா என்று அவர் கேட்க
சரி என்றேன்.

மறுநாள் பாக்கிப் பணத்தோடு வந்தார்.
சட்டைப்பையிலிருந்து தினசரித் தாள் பொட்டலம்.
'கூடையில கிடந்துச்சு.
நான் காடைக்குத்தானே வெலை பேசுனேன்.'
அகன்ற முனையில் கறை.
மூன்று கோடு.

வேகவைத்தேன். வேறென்ன செய்வது.
பாண்டி உரித்து ஒரே வாயில் போட்டுக்கொண்டு
ஓட்டை வெளிச்சத்தில் திருப்பினான்.
'உள்ளே வெளிர்நீலம்மா.'
இத்தனை நாளில் நான் பார்த்ததேயில்லை.

பிறகு தட்டைக் கழுவிக்
கோலிக்குண்டுகளை எண்ணினான்.
பதினாறு என்றான்.
உமியைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்.
திங்கட்கிழமை மறுபடி ஐம்பது.