பீரோ இருந்த இடம்

ஆடியில் ஒருநாள் மீட்டர் பெட்டி புகைந்தது.
பந்தலூரிலிருந்து ஷம்சுதீன் வந்தான்.
வயர் பீரோவுக்குப் பின்னால் போகிறது என்று
யோகராஜும் அவனுமாகத் தள்ளினார்கள்.
என் கல்யாணத்துக்கு அப்பா கடன்பட்டு வாங்கிய பீரோ.
சேரம்பாடியில் இந்த லைன் வீட்டுக்கு
வந்த அன்று, வேறெங்கும் நிற்காமல்
ஜன்னலை மறைத்து நிறுத்தினோம்.
பன்னிரண்டு வருடம்.

ஜன்னல் இருந்ததே மறந்துபோயிருந்தது.

துருவேறிய தாழ்ப்பாளில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு தட்டு.
முதலில் குளிர் வந்தது.
பிறகு கொழுந்து எடைபோடும் ஷெட்டின் தகரக் கூரை,
அதன்மேல் மழை நிற்பதும் தொடங்குவதும்,
சில்வர் ஓக் ஒன்று, பாதி.

மூன்றாவதும் கலைந்த வருடம் அது.
காலையில் எதற்கு எழ வேண்டும் என்று
கட்டிலைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.
கூடலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள்,
நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை.
தூங்க வைத்தது. எழுப்பத் தெரியாது அதற்கு.

"பழையபடி தள்ளிடலாமாக்கா?" என்றான் ஷம்சுதீன்.
இருக்கட்டும் என்றேன்.
வெகுநாள் கழித்து
நானாகச் சொன்ன ஒரு வார்த்தை.

பீரோ இப்போது நடுவீட்டில்.
சோற்றுத் தட்டோடு சுற்றித்தான் போகவேண்டும்.
முழங்கை இடித்துக்கொண்ட நாத்தனார் செல்வராணி
"வீடா இது, குடோனா?" என்றாள்.

ஜன்னலைச் சுற்றி
பீரோ அளவுக்கு ஒரு நீலம்.
மற்ற சுவரெல்லாம் அடுப்புப் புகையில் பழுத்திருக்க
இது மட்டும் அடித்த அன்றைக்கே நிற்கிறது.
ஓரத்தில் பூஞ்சை,
கறுப்பாய், பெரணி இலை மாதிரி.
எங்களுக்கு முன்னே இங்கு இருந்தவள் யாரோ.
எஸ்டேட் கொடுக்கும் சுண்ணாம்பு போதாமல்
எந்தக் கடையில் நின்று
இதுதான் வேண்டும் என்று விரல் வைத்தாளோ.

தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது
அந்த இடத்தை விடச் சொன்னேன்.
அவர் ஏன் என்று கேட்டார்.
சொல்ல வரவில்லை. பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டேன்.

சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
மாத்திரை இன்னும் பாதி ஓடுகிறது.
பெருமழைக்கு ஜன்னல் கசிகிறது,
கீழே ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறேன்.
ஏழே முக்காலுக்கு, ஆலைச் சங்கு ஊதியபின்,
வெயில் வந்தால் தரையில் விழும்.
அது கால்மாட்டைத் தொடட்டும் என்று
கட்டிலை ஒன்றரைச் சாண் இழுத்துப் போட்டேன்.

இன்று காலை அவர்
அதே கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார்,
முதல்தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பி.
"ஓக் மரத்துல யாரோ வேட்டியக் காயப்போட்டுருக்காங்க."

மேகம்தான், தெரியும்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.